குண்டூசியின் கடைசி எடை

தபால் அலுவலகத்தின் பார்சல் பிரிவில் இருந்த மேடைத் தராசு பொய் சொல்லாது. அரசு முத்திரை குத்திய தராசு. தரை முழுக்க சிமெண்டு, மேடை முழுக்க இரும்பு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து குண்டூசி அதில்தான் எடை பார்த்துக்கொள்வாள். மதியம் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அடுத்த மேஜையில் இருக்கும் கிளார்க் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி எண்ணைப் படிப்பார்.

“நாப்பத்தொம்பது முந்நூறு. உள்ளூரா, வெளியூரா?”

“வெளியூர் சார். அவசரம்.”

“அப்ப ஒரு கிலோ முந்நூறைக் கழட்டி வச்சிட்டு வாம்மா. ஸ்டாம்ப் செலவு குறையும்.”

இந்த ஒரே ஜோக்கை அவர் எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். பசியோடு இருப்பவர்களுக்குப் புது ஜோக் புரியாது, பழசுக்குச் சிரிப்பது எளிது.

தேசியக் குத்துச்சண்டைச் சாம்பியன் பட்டத்தை ஏழு முறை வென்ற பெண் பார்சலுக்கு ரப்பர் ஸ்டாம்ப் குத்திக்கொண்டிருக்கிறாள் என்பது வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆள் அவ்வளவு சின்னது. கவுண்ட்டருக்குப் பின்னால் அவள் உட்கார்ந்தால் நெற்றியும் இடது புருவத்தில் இருக்கும் தையல் தழும்பும்தான் தெரியும். “யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டவர்கள் உண்டு. குண்டூசி என்ற பெயரும் அதனால்தான் வந்தது என்று பலர் நினைத்தார்கள். அப்படி இல்லை. அவளுடைய முதல் பயிற்சியாளர் வைத்த பெயர் அது. அவளிடம் குத்து வாங்கிய ஒரு பையன், “எப்ப குத்தினாங்கன்னே தெரியல சார், அப்புறம்தான் வலிச்சுது” என்றான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

அவள் குத்துச்சண்டைக்கு ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. அம்மா நகராட்சி விளையாட்டு அரங்கில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தாள். பள்ளி விட்டதும் மகள் அங்கே வந்து, அம்மா வேலை முடிக்கும்வரை பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அந்தச் சமயம் அங்கிருந்த குத்துச்சண்டைப் பயிற்சியாளருக்கு ஒரு தலைவலி இருந்தது. மாவட்டப் போட்டியில் பெண்களுக்கான மிகக் குறைந்த எடைப் பிரிவுக்கு அவரிடம் ஆள் இல்லை. படிக்கட்டைப் பார்த்தார்.

“உங்க பொண்ணு எவ்ளோ வெயிட்டும்மா?”

“சாப்பிட்டாத்தானே சார் வெயிட்டு வரும்?” என்றாள் அம்மா, விளக்குமாற்றைத் தட்டிக்கொண்டே.

கொஞ்ச நாள் கயிறு தாண்ட வைத்தார்கள், கையை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள், கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே போனால் அந்த எடையில் வேறு எந்த ஊரிலிருந்தும் பெண் வரவில்லை. ரிங்கில் ஏறி நின்றாள். நடுவர் அவள் கையைத் தூக்கினார். இறங்கினாள். தங்கப் பதக்கம். ஒரு குத்துகூட விடாமல், ஒரு குத்துகூட வாங்காமல்.

வீட்டுக்கு வந்த தாய்மாமன் பதக்கத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “ஆளே இல்லாத ஊர்ல நம்ம பொண்ணுதான்யா ராணி” என்று சிரித்தார். அம்மா அந்தப் பதக்கத்தைச் சுவரில் மாட்டாமல் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். மகள் ஒழுங்காகப் பயிற்சிக்குப் போகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அடுத்த போட்டியில் மூக்கு உடைந்து, தோற்று, சட்டையெல்லாம் ரத்தமாக வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு மாமன் சிரிக்கவில்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்த வெற்றிகளைச் சொன்னால் பட்டியல் மாதிரி ஆகிவிடும். வெற்றிகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருந்தன. ஒரு ரயில், ஒரு விடுதி அறை, வெந்நீர் வராத குழாய், மூன்று சுற்றுகள், ஒரு பூங்கொத்து, திரும்பி வரும் ரயில். பூங்கொத்தை ரயிலில் எங்கே வைப்பது என்று தெரியாமல் கழிப்பறைப் பக்கம் வைத்துவிட்டு வந்துவிடுவாள்.

கணவன் நகரப் பேருந்து ஓட்டுநர். டிப்போவிலிருந்து காலையில் முதல் வண்டியை எடுத்துக்கொண்டு வரும்போதெல்லாம், கொளுத்தும் வெயில் காலத்திலும் மழைக்கோட்டு மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்ப்பான். ஒரு நாள் வண்டியை ஓரமாக நிறுத்தி, “எதுக்குத் தாயே இந்த வெயில்ல இந்தக் கோட்டு? யாருக்காவது பயந்து ஓடறீங்களா?” என்று கேட்டான். “ஒன்றரைக் கிலோவுக்கு” என்றாள் அவள், நிற்காமல். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்துகொள்ள மறுநாளும் நிறுத்தினான். பின்னால் இருந்த பயணிகள் கத்தினார்கள். அப்படித்தான் ஆரம்பித்தது.

கல்யாணத்துக்குப் பிறகுதான் ஒன்றரைக் கிலோ என்றால் என்னவென்று அவனுக்கு முழுதாகப் புரிந்தது. போட்டிக்கு முந்தைய நாட்களில் அவள் முதலில் சோற்றை விடுவாள், பிறகு உப்பை, கடைசியில் தண்ணீரை. வீட்டில் யாரும் அவள் எதிரில் சாப்பிடுவதில்லை. கணவனும் மகளும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தட்டுச் சத்தம் வராமல், திருடர்கள் மாதிரி சாப்பிடுவார்கள். மகள் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, “நாங்க ஒண்ணும் சாப்பிடலம்மா” என்பாள். தாடையில் முட்டை மஞ்சள் ஒட்டியிருக்கும். குண்டூசி அதை விரலால் துடைத்துவிடுவாள். துடைத்த விரலை நாக்கில் வைக்காமல் கையைக் கழுவப் போவதுதான் அந்த நாளிலேயே கஷ்டமான வேலை.

மகள் பிறந்தபோது எல்லோரும் அவள் கதை முடிந்தது என்றார்கள். முடியவில்லை. மறுபடியும் இறங்கினாள், மறுபடியும் ஜெயித்தாள். ஆனால் முப்பதைத் தாண்டிய பிறகு உடம்பு ஒவ்வொரு கிராமுக்கும் பேரம் பேசத் தொடங்கியது. வலது கட்டைவிரல் துணி பிழியும்போது தன் பாட்டுக்குப் பிடியை விட்டது. பேருந்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தூங்கிப் போய், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனாள். குத்து அவளுக்கு அலுக்கவே இல்லை. எடைதான் அலுத்துவிட்டது. நாற்பத்தெட்டு கிலோ என்ற அந்த ஒரு எண்ணுக்குள் மடங்கி மடங்கி உட்கார்ந்தே வாழ்க்கையில் பாதி போய்விட்ட மாதிரி இருந்தது.

அந்த வருஷம் நாட்டு அணிக்கான தேர்வு வந்தது. ஒரு எடைக்கு ஒரு இடம். நடப்புச் சாம்பியன் அவள். எதிரே, இரண்டாம் இடத்தில் இருந்த இளம்பெண். நிற்கவே நிற்காமல் துள்ளிக்கொண்டிருப்பதால் எல்லோரும் அவளை வெட்டுக்கிளி என்றார்கள். இருவரும் ஒரே ஒரு முறை மோதுவார்கள், ஜெயித்தவள் அணியில் போவாள். குத்துச்சண்டைச் சங்கத்துச் செயலாளர் குண்டூசிக்குப் போன் செய்தார்.

“கௌரவமா ஒதுங்கிடுங்களேன். சின்னப் பொண்ணு, அவளுக்கு வழி விட்ட மாதிரியும் இருக்கும். அன்னிக்கு மேடையில கூப்பிட்டு உங்களுக்கு ஒரு மரியாதை பண்ணிடறோம்.”

“வேண்டாம் சார். அவளை ரிங்லயே வந்து வாங்கிக்கச் சொல்லுங்க.”

போனை வைத்த பிறகு கணவன் கேட்டான், “உனக்குத்தான் முடியலையே. அப்புறம் என்ன?”

“முடியலதான். தோத்தா நிம்மதியா வந்துடுவேன்.”

“ஜெயிச்சா?”

“ஜெயிச்சா இன்னொரு வருஷம் கதவைச் சாத்திட்டுச் சாப்பிடுங்க.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “எதுன்னாலும் குத்து வாங்கி முடியணும். போன்ல முடியக் கூடாது, எடை மெஷின்ல முடியக் கூடாது” என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

தபால் அலுவலகம் பயிற்சிக்குப் பதினைந்து நாள் விடுப்பு கொடுத்தது. அதனால் பார்சல் தராசு அவளுக்குக் கிடைக்கவில்லை. பயிற்சிக் கூடத்தில் இருந்த சின்ன எடை மெஷின்தான்.

அந்தக் கூடத்தை இப்போது நடத்துவது வாத்து. நடை அப்படி, பெயரும் அப்படி. அவளைவிட இளையவன். ஒரு காலத்தில் பயிற்சியில் அவளுடைய குத்துகளை வாங்கிக்கொள்ள வந்தவன், வாங்கி வாங்கியே அவள் ஆட்டத்தை அவளைவிட நன்றாகத் தெரிந்துகொண்டு, அவளுக்கே கோச் ஆகிவிட்டான். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவான், திட்டும்போதுகூட. அந்த மாதம் கூடத்துக்குப் புது ரப்பர் விரிப்பு வந்திருந்தது. பழைய சிமெண்டுத் தரையில் முட்டியைத் தேய்த்து வளர்ந்தவன் அவன். விரிப்பைச் சுவரிலிருந்து சுவருக்குத் தன் கையாலேயே ஒட்டினான். எடை மெஷினைத் தூக்கி, அதற்கு அடியிலும் ஒட்டி, திரும்ப அதே மூலையில் வைத்தான்.

“கால் வச்சுப் பாருங்கக்கா. மெத்தை மாதிரி இல்ல?”

“தூக்கம் வருதுடா.”

மெஷின் அந்தப் பதினைந்து நாளும் நல்ல செய்தியாகவே சொன்னது. எண் தானாக இறங்கியது. குண்டூசிக்கே வியப்பாக இருந்தது. அவளுக்கு இன்னொரு கணக்கு உண்டு: சரியான எடைக்கு வந்துவிட்டால் விரல் மோதிரம் லொடலொடவென்று சுழலும், இரவில் கழற்றி வைக்க வேண்டும். இந்த முறை மோதிரம் இறுக்கமாகவே இருந்தது. வாயும் காயவில்லை. அவள் அதைக் கவனித்தாள். கவனித்துவிட்டு, சொல்லாமல் விட்டாள். எண் நன்றாக இருக்கும்போது யார் போய் மோதிரத்தைக் கேட்பார்கள்? பல வருஷத்தில் முதல் முறையாகத் தேர்வுக்கு முந்தைய நாள் மாலை ஒரு முழு டம்ளர் டீ குடித்தாள், சர்க்கரை போட்டு.

“வயசாக ஆக உடம்பு தானா இறங்குது போலக்கா.”

“வயசானா உடம்பு இறங்கும்னு யாருடா உனக்குச் சொன்னது? உங்கம்மாவைப் பாத்தியா நீ?”

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை, தேர்வு நடக்கும் அரங்கின் பக்கவாட்டு நடையில், சும்மா சரிபார்த்துக்கொள்வதற்கென்று ஒரு மெஷினை சிமெண்டுத் தரையில் வைத்திருந்தார்கள். குண்டூசி ஏறினாள். நாற்பத்தெட்டு எழுநூறு.

இறங்கினாள். ஏறினாள். நாற்பத்தெட்டு எழுநூறு.

“மெஷின் கோளாறு” என்றான் வாத்து. நகர்த்தி வைத்தான். அதே எண். “இருங்க, நான் ஏறறேன்.” ஏறினான். குனிந்து பார்த்தான். நேற்று கூடத்தில் பார்த்ததைவிட அவனும் ஒரு கிலோவுக்கு மேல் கூடியிருந்தான். இறங்காமல் அப்படியே நின்றான்.

“அக்கா. மேட்டு.”

“என்ன மேட்டு?”

“மெஷினை ரப்பர் மேட்டு மேல வச்சுட்டேன்கா. கீழ அமுங்கியிருக்கு. அதான் கம்மியா காட்டியிருக்கு.”

குத்துச்சண்டைக் கூடத்தில் வளர்ந்த எவருக்கும் தெரிந்த விஷயம் அது. மெஷினைக் கெட்டித் தரையில் வைக்க வேண்டும். விரிப்பு வந்த சந்தோஷத்தில் மறந்துபோயிருக்கிறது. அவள் அவனைத் திட்ட வாயைத் திறந்தாள். மோதிரம் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டாள்.

“எத்தனை மணிக்கு எடை பாக்கற மேசையை மூடறாங்க?”

“ஒம்பது.”

“பிளாஸ்டிக் கோட்டை எடு.”

பெண்கள் குளியலறையில் எல்லாக் குழாயிலும் வெந்நீரைத் திறந்துவிட்டு, கதவிடுக்கில் துண்டைச் சொருகி, கண்ணாடி எல்லாம் வெள்ளையாகப் பனித்த பிறகு, கயிறு தாண்டினாள். கால் வழுக்கியபோது நின்ற இடத்திலேயே ஓடினாள். பிறகு பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். வியர்வை எளிதில் வரவில்லை. நேற்றைய டீ உள்ளேயே உட்கார்ந்துகொண்டு வர மாட்டேன் என்கிறதோ என்று தோன்றியது. கதவு திறந்தது. அதே மாதிரி பிளாஸ்டிக் கோட்டு போட்டுக்கொண்டு வெட்டுக்கிளி நின்றாள்.

“இடம் இருக்காக்கா?”

“பக்கெட் ஒண்ணுதான். தரையில உக்காரு. கதவைச் சாத்து, ஆவி போகுது.”

அவள் சுவரோரம் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் தாகம்.

“எவ்ளோக்கா?”

“அதை உங்கிட்ட சொல்லுவேனா?”

“எனக்கு இருநூறு.”

“எழுநூறு.”

வெட்டுக்கிளி விசில் அடிக்கப் பார்த்தாள். உதடு காய்ந்திருந்ததால் காற்றுதான் வந்தது. கோட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். “புளிப்பு மிட்டாய். எச்சில் ஊறும், துப்பிக்கிட்டே இருக்கலாம்.”

“தெரியும். உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

“நீங்கதான். டிவி பேட்டியில. நான் அப்போ அஞ்சாவது படிச்சேன்.” யோசித்தாள். “நாலாவதோ.”

“போதும், இன்னும் கீழ இறங்காத.”

இரண்டு பேரும் மிட்டாயை வாயில் போட்டு, ஒரே குவளையில் மாறி மாறித் துப்பினார்கள். ஜெயித்தவர்களின் புகைப்படங்களில் வராத காட்சி இது.

“நான் வெயிட்டுக்கு வரலன்னா இடம் உனக்கு. தெரியும்ல?”

“தெரியும். எங்க கோச் வெளிய அதுக்குத்தான் வேண்டிக்கிட்டு நிக்கிறாரு.”

“நீ?”

வெட்டுக்கிளி தரையைப் பார்த்தாள். “எங்கண்ணன் ஒருத்தன் இருக்கான்கா. நான் எதை ஜெயிச்சிட்டு வந்தாலும், ‘எதிர்ல வந்தது நோஞ்சானா?’ன்னுதான் கேப்பான். உங்க பேரைச் சொன்னா மட்டும்தான் வாயை மூடுவான். மெஷின் ஜெயிச்சுக் குடுத்ததை நான் எப்படிக் கொண்டுபோய்க் காட்டறது?”

குண்டூசி மிட்டாயை மறு கன்னத்துக்குத் தள்ளினாள். கதவுக்குப் பின்னால் மாட்டிய தங்கத்தைப் பற்றி இந்தப் பெண்ணுக்குச் சொல்ல நேரமும் இல்லை, எச்சிலும் இல்லை.

வெட்டுக்கிளி முதலில் எழுந்து போனாள். எடை சரியாக இருந்திருக்கும், திரும்பி வரவில்லை. மேசையை மூடக் கால் மணி நேரம் இருந்தபோது குண்டூசி சுவரைப் பிடித்துக்கொண்டு நடைக்கு வந்து மெஷினில் ஏறினாள். இன்னும் எழுபது கிராம். உடம்பில் வெளியே வர ஒன்றும் மிச்சமில்லை. வாத்து அழுகிற நிலையில் இருந்தான். “துணி எதுவுமே இல்லாம நின்னாக்கூட இருபதுதான் போகும்கா.”

குளியலறைக்குத் திரும்பி வந்து பக்கெட்டில் உட்கார்ந்தாள். இப்படித்தான் முடியப் போகிறது என்று நினைத்தாள். நினைப்பதற்குக்கூடச் சலிப்பாக இருந்தது. இனி ஒன்றும் செய்ய வேண்டாம், இந்த ஆவியிலேயே தூங்கிவிடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். விரிப்பைத்தான் சொல்வார்கள்.

கதவு திறந்தது. வெட்டுக்கிளி. கையில் பாண்டேஜ் வெட்டும் கத்தரிக்கோல்.

“திரும்புங்கக்கா.”

“எதுக்கு?”

“பின்னலை வெட்டறேன். ஈரம் வேற. அம்பது கிராமாவது இருக்கும்.”

“உங்க கோச் பாத்தா உன்னைக் கொன்னுடுவாரு.”

“அவரு டீ குடிக்கப் போயிருக்காரு. சீக்கிரம் திரும்புங்க, உங்களுக்குத்தான் நேரமில்ல.”

கத்தரிக்கோல் துணி வெட்டத்தான் லாயக்கு. முடியைக் கடித்துக் கடித்து இழுத்தது. குண்டூசி பல்லைக் கடித்துக்கொண்டாள். கனமான ஈரப் பின்னல் தரையில் விழுந்தது. கழுத்தில் குளிர்ந்த காற்று பட்டது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள், செத்த பாம்பைப் பார்க்கிற மாதிரி.

மேசையில் இருந்த அம்மாள் சுற்றிலும் துண்டைப் பிடித்துக்கொண்டு எண்ணைப் பார்த்தாள். நாற்பத்தெட்டு. மேலே ஒன்றுமில்லை, கீழே ஒன்றுமில்லை. “போங்க, போய்த் தண்ணி குடிங்க” என்றாள், கொஞ்சம் கோபமாக.

மதியம் ரிங்கில் ஏறும்போது கால்கள் அவளுடையவையாக இல்லை. குடித்த தண்ணீர் வயிற்றில் குலுங்கியது, தசைக்குப் போகவில்லை. ஆனாலும் முதல் சுற்று அவள் பயந்த அளவுக்கு மோசமாக இல்லை. வெட்டுக்கிளியின் குத்துகள் வந்தன, பட்டன, வலிக்கவில்லை. ஒரு முறை முகம் முழுசாகத் திறந்திருந்தபோதுகூட அந்தப் பெண்ணின் வலது கை பாதி வழியில் நின்றுவிட்டது. மணி அடித்ததும் வாத்து, “நல்லா போகுதுக்கா, அவ பயப்படறா” என்றான். அவள் தலையை ஆட்டினாள். பயம் இல்லை அது. அவளுக்குத் தெரியும்.

இரண்டாம் சுற்றில் வேண்டுமென்றே உள்ளே நுழைந்து வெட்டுக்கிளியைக் கட்டிப்பிடித்தாள். பல்காப்புக்கு நடுவில் வார்த்தைகள் குழறின.

“என்னடி பண்ற?”

“ஒண்ணுமில்லக்கா.”

“அதைத்தான் கேக்கறேன். முடி வெட்டினவ மாதிரி தடவிக்கிட்டிருக்க. குத்து.”

“முடியலக்கா. உங்களைப் பாத்தா...”

“என்னைப் பாக்காத. என் தாடையைப் பாரு. பாத்ரூம் பழக்கம் பாத்ரூமோட. இப்படி ஜெயிச்சா உங்கண்ணன் கேக்கறது சரிதான்.”

“பேச்சு வேண்டாம்!” என்று நடுவர் பிரித்துவிட்டார்.

அடுத்து வந்த குத்து குண்டூசியின் காதில் ரயில் மாதிரி கேட்டது. அப்பாடா என்று இருந்தது. அதன் பிறகு யாரும் யாரையும் தடவவில்லை. மூன்றாம் சுற்றை அவள் நினைவிலிருந்து ஆடினாள். எந்தத் தோள் இறங்கினால் எந்தக் கை வரும், எங்கே நின்றால் கயிறு முதுகைத் தாங்கும். இரண்டு முறை அவளுடைய பழைய குத்து, பட்டது தெரியாமல் பிறகு வலிக்கிற அந்தக் குத்து, சுத்தமாகப் போய் விழுந்தது. வெட்டுக்கிளியின் கண்கள் ஒரு கணம் வெறுமையாயின. இருபது வயதில் அந்தக் கணத்துக்குள் பாய்ந்திருப்பாள். இப்போது கால் வரவில்லை. மணி அடித்தபோது இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். விட்டால் இரண்டு பேருமே விழுந்திருப்பார்கள்.

ஐந்து நடுவர்களில் மூன்று பேர் வெட்டுக்கிளிக்கு, இரண்டு பேர் குண்டூசிக்கு. சின்னப் பெண்ணின் கை உயர்ந்தது. குண்டூசி கைதட்டினாள். கிளவுஸ் போட்ட கைதட்டலுக்குச் சத்தமே வராது.

இறங்கியதும் மருந்துச் சோதனைக்கு என்று இருவரையும் ஒரு சின்ன அறையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஊக்க மருந்து எடுத்தார்களா என்று பார்க்க சிறுநீர் கொடுக்க வேண்டும், கொடுக்கும்வரை வெளியே விட மாட்டார்கள். காலையில் கடைசிச் சொட்டையும் வெளியேற்றிய இரண்டு உடம்புகளில் சிறுநீருக்கு எங்கே போவது? சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில்களை அவர்கள் முன் அடுக்கிவிட்டு, காவலுக்கு இருந்த அம்மாள் நாற்காலியில் சாய்ந்து பத்திரிகை படித்தாள்.

கதவு தட்டப்பட்டது. வெளியே வாத்து.

“அக்கா, கேக்குதா? ரெண்டு ஜட்ஜ் நமக்குத்தான் போட்டிருக்காங்க. மூணாவது சுத்துல அவ தலையால இடிச்சா, நடுவர் எச்சரிக்கை குடுக்கல. அப்பீல் பண்ணலாம்கா. வீடியோவைத் திரும்பப் பாப்பாங்க. நீங்க சரின்னு சொல்லணும். நேரம் போகுது.”

வெட்டுக்கிளி பாட்டிலைக் கீழே வைத்தாள். துள்ளவில்லை.

இடித்தது உண்மைதான். புருவத்தின் பழைய தழும்பில் இன்னும் எரிந்தது. அப்பீல் செய்தால் ஜெயிக்கவும் கூடும். ஜெயித்தால் அணி, முகாம், விமானம், மறுபடியும் அந்த எண். குண்டூசி எழுந்து கதவருகே போய் அதில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

“வாத்து.”

“சொல்லுங்கக்கா.”

“எனக்காகக் கேக்கறியா, மேட்டுக்காகக் கேக்கறியா?”

காவல் அம்மாள் பத்திரிகையை இறக்கிப் பார்த்தாள்.

“மேட்டுக்காகத்தான்கா” என்றான் வாத்து, கடைசியில்.

“மேட்டை விடு. எடை கூடியிருக்குன்னு எனக்கும் ஒரு மாதிரி தெரிஞ்சுதான் டீ குடிச்சேன். அவ என்னைக் குத்தி ஜெயிச்சாடா. நல்லாவே குத்தினா. அது போதும். அப்பீல் வேண்டாம்.”

“அக்கா, ஒரு தடவை யோசிச்சு...”

“கால்ல விழறேன், விடுடா. வீட்டுக்குப் போன் பண்ணு.”

“என்னன்னு சொல்ல? பாயிண்ட்ல நூலிழையில...”

“தோத்துட்டேன்னு சொல்லு. அவ்ளோதான். வேற எதையும் சேக்காத.”

வாத்தின் காலடிச் சத்தம் நடையின் கோடிவரை போவது கேட்டது. அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். முதுகை நாற்காலியில் முழுசாகச் சாய்த்தாள். ரொம்ப நாளாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த எதையோ இறக்கி வைத்த மாதிரி தோள்கள் வலித்தன. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. துக்கமும் இல்லை. வெட்டுக்கிளி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

“அழாதடி. அழுதா அதுலயும் தண்ணி போகும். அப்புறம் விடிய விடிய இங்கயேதான்.”

“உங்களுக்கு வருதாக்கா?”

“இல்ல. உனக்கு?”

“இல்ல.”

மறுபடியும் குடித்தார்கள். அம்மாள் பத்திரிகையின் கடைசிப் பக்கத்துக்கு வந்து, மடித்து, விசிறிக்கொண்டாள். வெட்டுக்கிளி அணியில் எப்போது முகாம் தொடங்கும், அறையில் எத்தனை பேர், சாப்பாடு எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். குண்டூசி பாதிக்குப் பதில் சொன்னாள். பாதிக்குக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“என்னக்கா?”

“வந்துடுச்சு” என்று எழுந்தாள் குண்டூசி. காவல் அம்மாளும் அவசரமாகக் கூடவே எழுந்தாள். கதவருகே போனவள் திரும்பிப் பார்த்தாள். வெட்டுக்கிளி மூன்றாவது பாட்டிலோடு பரிதாபமாக உட்கார்ந்திருந்தாள்.

“நீ மெதுவா வா” என்றாள் குண்டூசி. “இன்னிக்கு இதுலயாவது நான் முந்திக்கறேன்.”